தோலில் பூவைப் பதிக்க எத்தனை டன் வேண்டும்?

தோல் பெல்ட்டின் மேல் ஓடும் கொடி, பணப்பையின் மூலையில் நிற்கும் மயில், பழைய பெரிய புத்தகங்களின் தோலட்டையில் உள்ள எழுத்துகள் ஆகியவற்றை நீங்கள் விரலால் தடவிப் பார்த்திருப்பீர்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆனால் கத்தி பட்ட தடயம் எதுவும் இராது. அங்கே தோலைச் செதுக்கவில்லை, அழுத்தியிருக்கிறார்கள். உருவம் பொறித்த உலோக அச்சு ஒன்றைத் தோலின் மேல் வைத்து, அழுத்தும் எந்திரத்தில் கொடுத்து எடுத்தால் உருவம் பதிந்துவிடுகிறது. இதற்குப் புடைப்பு அச்சு என்று பெயர். பட்டறைகளில் இதனை ‘எம்பாசிங்’ என்றும், அச்சை ‘டை’ என்றும், எந்திரத்தைப் ‘பிரஸ்’ என்றும் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

தோல் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை தொடங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை டன் பிரஸ் வாங்க வேண்டும்?’ என்பதுதான். விற்பவரும் டன் கணக்கிலேயே விடை சொல்வார். டன் ஏற ஏற விலையும் ஏறும். கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு இதில் தவறான விடை கிடைத்தால், பல மாத வருமானம் மூலையில் கிடக்கும் இரும்பாகிவிடும். ஆனால் அழுத்தம் என்ற பாடத்தைச் சரியாகப் படித்த மாணவர் இந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்பார். எப்படி என்று பார்ப்போம்.

பதிந்தது ஏன் மறைவதில்லை?

ஒரு ரப்பர் துண்டின் மேல் சாவியை வைத்து அழுத்தி எடுங்கள். தடம் உடனே மறைந்துவிடும். பிசைந்த களிமண்ணில் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். தோல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொருள். காய்ந்திருக்கும்போது பெரும்பாலும் ரப்பரின் பக்கம் சாயும். அளவாக ஈரமாக இருக்கும்போது களிமண்ணின் பக்கம் சாயும்.

இதற்குக் காரணம் தோலின் உள்ளமைப்பில் இருக்கிறது. விலங்கின் தோலில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் அமைந்தவை அதன் மூலக்கூறுகள். இந்த முப்புரி அமைப்பை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். தோலைப் பற்றிய பேச்சில் இயற்பியல் ஆசிரியன் ஏன் நுழைகிறான் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுவே.

இந்த மூலக்கூறுகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து நார்களாகி, எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பல வகைப் பிணைப்புகள் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்பு வலுக் குறைந்தது. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தது. தோலை நனைக்கும்போது தண்ணீர் மூலக்கூறுகள் இடையில் நுழைந்து, அந்தப் பிணைப்புகளைத் தாங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இழைகள் சறுக்கி இடம் மாற வழி பிறக்கிறது. அந்த நேரத்தில் டையை அழுத்தினால் நார்கள் அதன் உருவத்துக்கு வளைந்து கொடுக்கும். பிறகு நீர் வெளியேறும்போது புதிய இடத்திலேயே பிணைப்புகள் உண்டாகிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். பருத்தி வேட்டிக்கு இஸ்திரி போடுகிறவர் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் இதே காரணத்தினால்தான். அங்கே கொலாஜனுக்குப் பதிலாகச் செல்லுலோஸ் இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

எல்லாத் தோலும் ஒரே மாதிரி பணிவதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை முதலியவற்றிலுள்ள டானின்களைக் கொண்டு பதனிட்ட தோல் புடைப்பு அச்சுக்கு மிகவும் ஏற்றது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி ஆகிய ஊர்கள் இந்த முறையில் பதனிட்ட தோலுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. குரோமிய உப்புகளால் பதனிட்ட தோலில் இழைகளுக்கிடையே உறுதியான குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால், அது மென்மையாக இருந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். குரோம் தோலை வாங்கி வைத்துக்கொண்டு, பிரஸ் சரியில்லை என்று குறை சொல்பவர்களும் உண்டு.

டன் அல்ல, சதுர சென்டிமீட்டர்

இனி எந்திரத்துக்கு வருவோம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. தோலுக்குத் தெரிவது அழுத்தம் மட்டுமே. மேலே இருப்பது 1 டன் பிரஸ்ஸா, 20 டன் பிரஸ்ஸா என்பது அதற்குத் தெரியாது.

நனைத்துப் பதப்படுத்திய தோலுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோகிராம் எடை வேண்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தோலின் வகை, தடிப்பு, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து இது பாதியாகவோ இரு மடங்காகவோ மாறலாம். (தேர்வில் விசையை நியூட்டனில்தான் எழுத வேண்டும். இங்கே பட்டறை வழக்கப்படி கிலோ எடையிலேயே பேசுகிறேன்.) 50 கிலோ எடையுள்ள ஒருவர், ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள குதிகால் ஒன்றின் மேல் தம் முழு எடையையும் வைத்து நின்றால் உண்டாகும் அழுத்தம் இது. கேட்பதற்குப் பயமாக இல்லை, அல்லவா?

இப்போது 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் உள்ள ஒரு டையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 12 சதுர செ.மீ. ஆனால் அதில் மேடாக நின்று தோலைத் தொடுவது கொடியின் கோடுகள் மட்டுமே. அது கால் பங்கு என்றால் 3 சதுர செ.மீ. தேவையான விசை 150 கிலோ. ஒரு டன்னில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! அதே அளவு டையில் முழுப் பரப்பும் மேடாக இருந்தால் 600 கிலோ வேண்டும். கைப்பையின் மூடி முழுவதையும் நிரப்பும் பெரிய டையில் மேட்டுப் பகுதி 100 சதுர செ.மீ. இருந்தால் 5,000 கிலோ, அதாவது 5 டன். ஆக, ‘எத்தனை டன்?’ என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, ‘என் டையில் தோலைத் தொடும் பரப்பு எவ்வளவு?’ என்பதாகும்.

இந்தக் கணக்கை மேலும் நீட்டிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. முழுத் தோலையும் ஒரே தகட்டின் கீழ் அழுத்த வேண்டுமானால் 500 டன் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து ஆலைகளில் பயன்படுவது போன்ற பெரிய எம்பாசிங் எந்திரங்கள் பல நூறு டன் விசை தருவனவாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். மாட்டுத் தோலில் முதலைத் தோலின் கட்டங்களைப் பதிப்பதும் இத்தகைய எந்திரங்கள்தாம். கடையில் ‘முதலைத் தோல்’ பை என்று காட்டினால் கட்டங்களை உற்றுப் பாருங்கள். ஒரே வடிவக் கட்டங்கள் அதே வரிசையில் மீண்டும் மீண்டும் வந்தால் அது தகட்டின் வேலை. உயிருள்ள முதலையின் உடம்பில் இரண்டு கட்டங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

நெம்புகோல், திருகு, எண்ணெய்

சிறு பட்டறைக்குக் கிடைக்கும் பிரஸ்கள் பல. எல்லாவற்றிலும் நம் கையின் 20, 25 கிலோ விசையைப் பெருக்கிக் கொடுக்கும் ஏற்பாடுதான் இருக்கிறது.

மிக எளியது நெம்புகோல் பிரஸ். கைப்பிடியைக் கீழே இழுத்தால், பற்சக்கரம் ஒன்று பற்கள் வெட்டிய செங்குத்துத் தண்டைக் கீழே தள்ளும். கைப்பிடியின் நீளம் 40 செ.மீ., பற்சக்கரத்தின் ஆரம் 1 செ.மீ. என்றால் எந்திர இலாபம் 40. நீங்கள் 25 கிலோ விசையில் இழுத்தால் தண்டு 1,000 கிலோ விசையில் இறங்கும். உராய்வு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நாம் கணக்கிட்ட சிறு கொடிக்கு இது தாராளம். இதில் ஒரு சங்கடம் உண்டு: கையை எடுத்தால் அழுத்தமும் போய்விடும். கைப்பிடியின் நுனியில் மணல் மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். மூட்டைக்குக் கை வலிக்காது.

அடுத்தது திருகுப் பிரஸ். புத்தகம் பைண்டு செய்யும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கைச்சக்கரத்தின் ஆரம் 25 செ.மீ., திருகின் புரியிடைத் தூரம் 6 மி.மீ. என்று கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கை நகரும் தூரம் ஏறக்குறைய 157 செ.மீ.; தட்டு இறங்கும் தூரம் 0.6 செ.மீ. ஆகவே விசை ஏறத்தாழ 260 மடங்காக வேண்டும். 20 கிலோ கொடுத்தால் 5 டன்னுக்கு மேல்! ஆனால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். இதில் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடும். 1 டன் கிடைத்தாலே நல்லது. அந்த உராய்வே இங்கு நண்பனாகவும் இருக்கிறது. சக்கரத்தைவிட்டுக் கையை எடுத்தாலும் திருகு பின்வாங்குவதில்லை. இப்படித் தானாகப் பின்வாங்காத திருகு எதற்கும் செயல்திறன் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது என்பதை மேல்வகுப்பில் நீங்கள் கணக்கிட்டே காட்டலாம். பாதிக்கு மேற்பட்ட உழைப்பைப் பறிகொடுத்து, பிடித்து நிறுத்தும் குணத்தை வாங்கிக்கொள்கிறோம்.

தோலுக்கு இந்தக் குணம் மிக முக்கியம். ஏனெனில் தோலுக்கு அழுத்தம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நார்கள் இடம் மாறுவது நொடியில் நடக்கும் செயலன்று. அழுத்தும் தருணத்தில் உண்டாகும் பள்ளத்தில் ஒரு பகுதி, விட்டதும் திரும்பிவிடும் மீட்சி. மற்றொரு பகுதிதான் நிலைத்து நிற்பது. அழுத்தம் நீடிக்க நீடிக்க நிலைக்கும் பங்கு கூடுகிறது. திருகை இறுக்கிவிட்டு ஓரிரு நிமிடம் கழித்து மீண்டும் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சிறிது திருகலாம் என்று தெரியும். தோல் உள்ளே தளர்ந்து கொடுத்திருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று முறை இறுக்கிக் கொடுக்க வேண்டும்.

இதை அறியாமல் பணத்தை முடக்கிய ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பழைய எந்திரங்கள் விற்கும் இடத்தில் ‘ஃபிளை பிரஸ்’ ஒன்றை வாங்கினார். மேலே குறுக்குத் தண்டு, அதன் நுனிகளில் கனத்த இரும்புக் குண்டுகள். வீசிச் சுழற்றினால் திருகு விரைந்து இறங்கி அடிக்கும். அதுவரை தகட்டில் வளையம் வெட்டிக்கொண்டிருந்த எந்திரம் அது. ‘10 டன்’ என்று சொல்லி விற்றார்கள். பணப்பைக்கான பூ டையை வைத்து அடித்தார். பூ மங்கலாக விழுந்தது. இரண்டாம் முறை அடித்தார். பூ இரண்டாகத் தெரிந்தது!

சொன்ன 10 டன் பொய்யன்று. சுழலும் குண்டுகளின் இயக்க ஆற்றல் 20 ஜூல் என்று கொள்வோம். அந்த ஆற்றல் முழுவதும் டை நிற்பதற்குள் செலவாக வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. கடினமான தகடு 0.2 மி.மீ. தூரத்தில் டையை நிறுத்திவிட்டால் சராசரி விசை 1,00,000 நியூட்டன், அதாவது சுமார் 10 டன். மெத்தென்ற தோல் 1 மி.மீ. தூரம் இடங்கொடுத்தால் விசை 20,000 நியூட்டன், அதாவது 2 டன்தான். எந்திரம் அதுவே, அடிவாங்கும் பொருள் மாறியதும் டன் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. அந்த இரண்டு டன்னும் ஒரு நொடியின் சிறு பின்னப்பொழுதே நிற்கிறது. இவருடைய எந்திரத்தில் புரி மிகவும் சரிவானது, தானாகவே பின்வாங்கிவிடும். நேரத்தைக் கேட்கும் தோலுக்கு அது அடியைக் கொடுத்தது. பிறகு அவர் திருகுப் பிரஸ் ஒன்றை வாங்கினார். ஃபிளை பிரஸ் இப்போது தோலைப் பூ வடிவிலும் பட்டை வடிவிலும் வெட்டப் பயன்படுகிறது. அந்த வேலைக்கு அதுவே பொருத்தம்.

பெரிய டைகளுக்கு நீரழுத்தி வேண்டும். பாஸ்கல் விதியைக் கொண்டு இயங்கும் இதனைப் பாடப்புத்தகம் ‘பிராமா அழுத்தி’ என்று சொல்லும். ஜோசப் பிராமா இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1795. லாரிச் சக்கரம் மாற்றும் ஜாக்கியும் இதுவே. சிறு பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 4 செ.மீ. என்றால் பரப்புகளின் விகிதம் 16. கைப்பிடி நெம்புகோல் 10 மடங்கு தந்தால் மொத்தம் 160 மடங்கு. 25 கிலோ விசை 4 டன் ஆகிவிடும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. பிராமாவின் அழுத்தியில் தொடக்கத்தில் பெரிய தொல்லை இருந்தது. அழுத்தம் ஏறியதும் பிஸ்டனைச் சுற்றி நீர் பீறிட்டது. இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் ஒழுகியது. அப்போது அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளம் தொழில்நுட்பர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் தீர்வு, கிண்ணம்போல் வளைத்த ஒரு தோல் வளையம்! உள்ளே அழுத்தம் ஏறும்போது அதுவே தோலின் விளிம்பைப் பிஸ்டனோடு ஒட்ட அழுத்தும். அழுத்தம் இறங்கினால் பிடியும் தளரும். சைக்கிள் பம்பிலும் தெரு அடிபம்பிலும் போட்டு வந்த தோல் வாஷர் அந்த வளையத்துக்கு உறவுதான். தோலை அழுத்தும் எந்திரம் தோலின் உதவியால்தான் உருப்பெற்றது.

நீரழுத்தி வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதிலுள்ள அழுத்தமானி 200 என்று காட்டினால், தோலின் மேல் சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தம் விழுகிறது என்று எண்ணிவிடுவார்கள். மானி காட்டுவது எண்ணெயின் அழுத்தம். பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால் விசை 4,000 கிலோ. அது 100 சதுர செ.மீ. மேட்டுப் பகுதியின் மேல் பரவினால் தோலுக்குக் கிடைப்பது 40 கிலோதான். மேலும், ஜாக்கி மேலே தள்ளும் 4 டன்னை அதன் சட்டம் தாங்க வேண்டும். செயலும் எதிர்ச்செயலும் சமம் அல்லவா? வலுவற்ற சட்டத்தில் ஜாக்கியை வைத்துத் தாங்களே பிரஸ் செய்துகொள்பவர்கள் இந்த மூன்றாம் விதியை மறந்துவிடுகிறார்கள். பற்றவைப்பு விட்டுப்போனால் இரும்புத் துண்டு தெறித்து உயிருக்கே ஆபத்தாகும். மாணவர்கள் இதில் கைவைக்க வேண்டாம்.

எந்தப் பிரஸ் ஆனாலும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். செலவு ஒரு கார்பன் தாள். வெள்ளைத்தாளின் மேல் கார்பன் தாளை மைப்பக்கம் கீழாக வைத்து, அதன்மேல் டையை வைத்து மெல்ல அழுத்துங்கள். உருவம் முழுவதும் ஒரே கறுப்பாக விழுந்தால் தட்டுகள் இணையாக உள்ளன. ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்தால் தட்டு சாய்ந்திருக்கிறது, அல்லது டை பிஸ்டனுக்கு நேர் கீழே இல்லை. ஒரு பக்கம் மட்டும் தொடும் 10 டன்னைவிட, எங்கும் சமமாகத் தொடும் 1 டன் எவ்வளவோ மேல்.

வெப்பமும் தோலை இளக்கும். ஆனால் ஈரமான தோலை ஓர் அளவுக்கு மேல் சூடாக்கினால், கொலாஜனின் முப்புரி அவிழ்ந்து தோல் சட்டென்று சுருங்கிக் கெட்டியாகிவிடும். தாவரப் பதனீட்டுத் தோல் பொதுவாக 70 முதல் 85 டிகிரி செல்சியசுக்குள் சுருங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். ஆகவே நனைத்த தோலுக்குக் குளிர்ந்த டை, காய்ந்த தோலுக்குச் சூடான டை என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் சேர்த்துச் செய்ய அனுபவமுள்ள கை வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க

பள்ளிப் பட்டறையிலோ தச்சரிடமோ மேசையில் பொருத்திய வைஸ் இருக்கும். அதுவும் ஒரு திருகுப் பிரஸ்தான். செருப்பு தைப்பவரிடம் தாவரப் பதனீட்டுத் தோலின் வெட்டுத்துண்டுகள் நான்கு கேட்டு வாங்குங்கள். வண்ணப் பூச்சு இல்லாத, பழுப்பு நிறத் துண்டாக இருக்கட்டும். பித்தளைப் பொத்தான் ஒன்றை டையாகக் கொள்ளலாம். தோலையும் பொத்தானையும் இரண்டு சமதளப் பலகைத் துண்டுகளுக்கிடையே வைத்து வைஸில் இறுக்க வேண்டும். ஆசிரியர் உடன் இருக்கட்டும். விரல் இடையில் இருக்கக் கூடாது.

முதல் துண்டைக் காய்ந்தபடியே 10 நொடி அழுத்துங்கள். இரண்டாவதைக் காய்ந்தபடியே 10 நிமிடம். மற்ற இரண்டையும் ஈரப் பஞ்சால் ஒற்றி நனைத்து, உடனே அழுத்தாமல் காத்திருங்கள். கறுத்த நிறம் மெல்ல வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. கைத்தொழிலாளர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் ஈரத்தை அளக்கும் முறை இதுவே. அந்தப் பதத்தில் மூன்றாவதை 10 நொடியும் நான்காவதை 10 நிமிடமும் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை ஒரே அளவு வலுவுடன் இறுக்க முயலுங்கள். நான்கையும் ஒரு நாள் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விசை நான்குக்கும் ஒன்றே. பள்ளம் ஒன்றாக இராது.

பித்தளைப் பொத்தானுக்குப் பதிலாக இரும்பு வளையத்தை வைத்துவிடாதீர்கள். ஈரத்தோலிலுள்ள டானினோடு இரும்பு சேர்ந்தால் நீலக்கறுப்பு நிறம் உண்டாகும். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணிகளில் கடுக்காய் தோய்த்த துணிமேல் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பதும் இந்த வேதிவினையைக் கொண்டுதான். துணியில் அது அழகு, பணப்பையில் கறை. அப்படிக் கறை பட்டுவிட்டால் காய்வதற்குமுன் எலுமிச்சைச் சாற்றை நீரில் கலந்து தடவிப் பாருங்கள். பெரும்பாலும் வெளுத்துவிடும்.